போன் பறிப்பு, வழிப்பறி, போலி போலீஸ்: நகரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு நகரங்களுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்து, ஹாஸ்டலிலோ அறை எடுத்தோ தங்கியிருக்கும் பிள்ளைகளின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பாதிக்கு மேல் செல்போனைச் சுற்றியே வரும். பர்ஸ், பேங்க் பாஸ்புக், அடையாள அட்டை எல்லாம் இப்போது அதற்குள்தானே குடியிருக்கின்றன? போனை இப்போதுதான் பறிகொடுத்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், மற்றதை விட்டுவிட்டு நேராக 5-ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. போன் பறிக்கிறவங்க எந்த மாதிரி இடத்துல நிப்பாங்க?

இடத்தை விட நேரத்தைக் கவனியுங்கள். வண்டி நகரத் தொடங்கும் நொடிதான் பறிப்பவனுக்குத் தோதானது. பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் போன் பார்ப்பவரிடமிருந்து வெளியே இருந்து கை நீளும். ரயில் மெதுவாக ஊர்ந்து பிளாட்பாரத்தைத் தாண்டும் இடத்தில், தண்டவாளத்தின் ஓரம் நிற்பவன் ஃபுட்போர்டில் நிற்பவரின் கையைக் கம்பால் தட்டுவான். போன் கீழே விழும். போன் போவது ஒரு பக்கம். விழும் போனைப் பிடிக்க அனிச்சையாகக் குனிந்து, ஓடும் ரயிலிலிருந்து ஆளே விழுந்துவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. ரயில் கதவருகே போனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

சாலையில் என்றால் பைக்கில் இருவர். ஓட்டுபவர் பின்னாலிருந்து ஒட்டி வருவார், பின்னால் இருப்பவர் பறிப்பார். பஸ் ஏறும் நெரிசலில் முறையே வேறு: முன்னால் ஒருவர் படியில் தடுமாறுவது போல நின்று வழியை அடைப்பார், பின்னால் இருப்பவர் முண்டுவார், அந்த முண்டலில் பேன்ட்டின் பின்பாக்கெட் காலியாகும்.

2. அப்போ ரோட்டுல போனே எடுக்கக் கூடாதா? மேப் பாக்கணுமே.

எடுக்கலாம். நடந்துகொண்டே பார்க்காதீர்கள். ஒரு கடை வாசலில் ஏறி, முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்து நின்று பார்த்துவிட்டு, போனை உள்ளே வைத்த பிறகு நடங்கள். பேசிக்கொண்டே நடக்கத்தான் வேண்டும் என்றால், சாலைக்கு எதிர்ப்பக்கக் காதில் போனை வையுங்கள். நம் ஊரில் வண்டிகள் இடதுபுறம் ஓடுவதால், நீங்கள் சாலையின் வலதுபுறம் நடந்தால் உங்கள் பக்கம் வரும் பைக் எதிரில் தெரியும். இடதுபுறம் நடந்தால் அது முதுகுக்குப் பின்னால் வரும். ஆட்டோ புக் செய்துவிட்டு வண்டி எண்ணைப் பார்க்கப் போனைப் பிடித்தபடி ரோட்டோரம் காத்திருப்பதையும் விடுங்கள். கேட்டுக்கு உள்ளேயே நில்லுங்கள்.

பையைச் சாலையில்லாத பக்கம் தொங்கவிடுங்கள். பலர் பாதுகாப்பு என்று நினைத்துப் பை வாரைக் கையில் சுற்றிக்கொள்கிறார்கள். இது தவறு. பைக்கில் போகிறவன் இழுத்தால் பையோடு சேர்ந்து நீங்களும் தரையில் தேய்ந்து போவீர்கள்.

3. ஒருத்தன் பின்னாடியே வர்ற மாதிரி இருக்கு. சந்தேகந்தான், உறுதியா தெரியல. என்ன பண்றது?

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள். சிறிது தூரம் நடந்து மறுபடி இந்தப் பக்கம் வாருங்கள். இரண்டு முறையும் அவர் கூடவே வந்தால் அது தற்செயல் இல்லை. உடனே ஆள் இருக்கிற இடத்துக்குள் நுழையுங்கள்: மருந்துக் கடை, பெட்ரோல் பங்க், காவலாளி உட்கார்ந்திருக்கும் ஏ.டி.எம். போன்றவை. நீங்கள் தங்கியிருக்கும் அறைக்கு மட்டும் போகாதீர்கள், அந்த இடம் அவருக்குத் தெரிந்துவிடும்.

112-க்கு அழையுங்கள். காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண் அது. முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள். தெருப்பெயர் தெரியாவிட்டால் பக்கத்துக் கடையின் போர்டைப் படித்துச் சொன்னாலே போதும். பலர் நடந்ததை விளக்க ஆரம்பித்து, இடத்தைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோகிறது. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடமும் சேர்ந்தே போகும். அதை இறக்கிப் பதிவு செய்து வைப்பதை ஆபத்து வரும் நேரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

4. கத்தியைக் காட்டி மிரட்டுனா போனைக் குடுத்துரணுமா?

கொடுத்துவிடுங்கள். இதில் வீரத்துக்கு வேலை இல்லை. “எடுத்துத் தர்றேன், பைக்குள்ள இருக்கு” என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கையை அசையுங்கள். திடீரென்று பாக்கெட்டுக்குள் கை போனால் எதிரில் இருப்பவன் பதறுவான். பல வெட்டுக் காயங்கள் அந்தப் பதற்றத்தில்தான் விழுகின்றன. லாக்கைத் திறந்து தரச் சொன்னாலும் திறந்து கொடுங்கள். உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் வழி 5-இல் இருக்கிறது.

முகத்தை முறைத்துப் பார்க்காமல் மூன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், காலில் என்ன போட்டிருந்தான், எந்தத் திசையில் போனான். சட்டையை அடுத்த தெருவிலேயே மாற்றிவிடுவார்கள், செருப்பை மாற்றுபவர்கள் குறைவு. அவர்கள் போனதும் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்வதற்கு முன் இதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நாலு பேரிடம் கதை சொன்ன பிறகு விவரங்கள் கலங்கிவிடும்.

5. போன் போயிருச்சு. முதல்ல எதைச் செய்யணும்?

போனைப் பூட்டுவது, சிம்மை முடக்குவது, வங்கியை அழைப்பது, ஸ்டேஷனுக்குப் போவது. இந்த வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்றையும் அரை மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

சிம்மை முடக்கினால் போனின் மொபைல் டேட்டாவும் நின்றுவிடும், பிறகு உங்கள் பூட்டுக் கட்டளை அதற்குப் போய்ச் சேராது. அதனால் பூட்டுவதுதான் முதலில். ஆண்ட்ராய்டு போனில் முன்பே ‘ரிமோட் லாக்’ வசதியை இயக்கி வைத்திருந்தால், நண்பரின் போனில் ‘ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக்’ பக்கத்தைத் திறந்து உங்கள் எண்ணைக் கொடுத்தே பூட்டலாம். இல்லையென்றால் கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’ வழியாகப் போக வேண்டும். கூகுள் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: சரிபார்ப்புக் கேள்வி பறிபோன போனுக்கே போகும். கூகுள் கணக்கில் கிடைக்கும் பத்து ‘பேக்கப் கோடு’களை இப்போதே எடுத்துத் தாளில் எழுதி, அறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐபோனுக்கு ‘ஐகிளவுட் டாட் காம் ஸ்லாஷ் ஃபைண்ட்’ பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. பாஸ்வேர்டு மட்டும் தெரிந்தால் போதும், ‘லாஸ்ட் மோடு’ போட்டுவிடலாம்.

பூட்ட முயன்று ஐந்து நிமிடத்தில் முடியவில்லையா? விட்டுவிட்டு சிம்மை முடக்குங்கள். அதற்கு மேல் தாமதிப்பது பணத்துக்கு ஆபத்து. ஏன் என்பது அடுத்த பதிலில். உள்ளிருப்பதை மொத்தமாக அழிக்கும் கட்டளையை அவசரத்தில் கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் அழித்த பிறகு போன் இருக்கும் இடத்தைப் பார்க்க முடியாது.

6. ஸ்க்ரீன் லாக் போட்டிருக்கேன், யு.பி.ஐ. பின்னும் அவங்களுக்குத் தெரியாது. அப்புறம் எப்படிப் பணம் போகும்?

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பறிக்கப்பட்ட போன் பூட்டாமல்தான் இருக்கும். திடீர் இழுப்பை உணர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் ‘தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்’ என்ற வசதி ஆண்ட்ராய்டு 10-க்கு மேற்பட்ட பல போன்களில் உண்டு. அதை இயக்கி வையுங்கள். ஐபோனில் 2024 ஜனவரியில் 17.3 பதிப்போடு வந்த ‘ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்’ இருக்கிறது. வழக்கமான இடத்துக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற, முகமோ கைரேகையோ கேட்பதோடு ஒரு மணி நேரம் காக்கவும் வைக்கும்.

இரண்டாவது, சிம். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் அங்கே வரும். இதற்கு மாற்று ‘சிம் பின்’. அது 4 முதல் 8 இலக்கம் வரை வைக்கலாம், சிம்மை வேறு போனில் போட்டதும் கேட்கும். அதை அமைக்கும்போது முதலில் சிம் நிறுவனம் வைத்த பழைய பின்னைக் கேட்கும். அது தெரியாமல் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் 8 இலக்க ‘பக்’ எண் கேட்கும், அதைப் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. போன் கவரின் பின்புறம் டெபிட் கார்டைச் செருகி வைக்கிறீர்களே, அது. யு.பி.ஐ. பின் மறந்துபோனால் பல வங்கிகளில் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதி மாதம், ஒரு ஓ.டி.பி. இவற்றை வைத்தே புதுப் பின் போட்டுக்கொள்ளலாம். பூட்டாத போனும் கார்டும் ஒரே கையில் கிடைத்தால் உங்கள் பழைய பின் யாருக்கும் தேவையில்லை. போதாக்குறைக்கு, தட்டினாலே பணம் எடுக்கும் வசதி கார்டில் இருந்தால் ரூ.5,000 வரை பின் கேட்காது. யு.பி.ஐ. லைட்டில் போட்டு வைத்த தொகைக்கும் பின் கிடையாது. கார்டு வேறு பையில் இருக்கட்டும். தட்டும் வசதியை வங்கிச் செயலியில் அணைத்து வையுங்கள்.

7. பணத்தை எடுத்துட்டாங்க. பேங்க் திருப்பித் தருமா?

எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்துவதற்கான எண் அது. கூடவே வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கையின்படி, உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது ஆகாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் ஓரளவு உங்கள் தலையில் விழும். ஏழு வேலை நாட்களைத் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படி. பின்னை நீங்களே யாருக்காவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நடந்த இழப்பு உங்களுடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. அதனால் தவறு உங்களுடையதே என்றாலும் அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

8. ஸ்டேஷன்ல ‘பறிச்சாங்க’ன்னு எழுதாதே, ‘தொலைஞ்சு போச்சு’ன்னு எழுதுன்னு சொல்றாங்க. எழுதலாமா?

எழுதாதீர்கள். “சீக்கிரம் முடியும் தம்பி” என்று சொல்லித்தான் கேட்பார்கள். தொலைந்தது என்று எழுதினால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். போன் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் கிளெய்மும் அங்கேயே அடிபட்டுப் போகலாம், திருட்டுக்குப் பணம் தரும் பாலிசிகள் பல, தொலைத்ததற்குத் தருவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், எத்தனை பேர், வண்டி, மிரட்டினார்களா, அடித்தார்களா.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம், பிரிவு 304, மூன்று ஆண்டு வரை சிறை. கத்தி காட்டியோ அடித்தோ பிடுங்கினால் அது கொள்ளை, பிரிவு 309, பத்து ஆண்டு வரை. ஆகவே “கத்தி காட்டினார்கள்” என்ற ஒரு வரியை விட்டுவிட்டால் வழக்கின் எடையே மாறிவிடும்.

புகார் கொடுத்ததும் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். புகார் வந்தது என்பதற்கான அத்தாட்சி அது, எஃப்.ஐ.ஆர். ஆகாது. “விசாரிச்சுட்டுப் போடுறோம்” என்பதற்கும் சட்டத்தில் எல்லை உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 173. அதே பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு, எழுத்தில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

9. ‘இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷன் போ’ன்னு அலைய விடுறாங்களே?

முந்தைய பதிலில் சொன்ன 173-ஆம் பிரிவு எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்க வேண்டும் என்றே சொல்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்பார்கள். வாங்கிக்கொண்டு உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் சரி. ரயிலில் நடந்தால் ரயில்வே போலீசிடம் கொடுங்கள், உதவி எண் 139.

10. போனை நிரந்தரமா முடக்குறதுக்கு என்ன வழி? ஐ.எம்.இ.ஐ. நம்பரே தெரியாது.

ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண் அது. பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். இரண்டையும் தூக்கி எறிந்திருந்தால், கூகுளின் ஃபைண்ட் ஹப்பில் உங்கள் போனின் விவரப் பகுதியைப் பாருங்கள், அங்கே காட்டும். (போன் கையில் இருப்பவர்கள் இப்போதே *#06# அழுத்தி, வருவதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை சிம் போனுக்கு இரண்டு எண் வரும்.)

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சி.இ.ஐ.ஆர். என்ற பகுதியில் பதிய வேண்டும். புகாரின் நகல், அடையாள அட்டை தேவை. பில் இருந்தால் அதையும் சேர்க்கலாம். ஓ.டி.பி. வரும் என்பதால் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கிய பின் போங்கள். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். வேலை செய்ய 24 மணி நேரம் ஆகலாம் என்பதால் முதல் நாளே தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பதிந்த 24 மணி நேரத்துக்குள் நாடு முழுக்க எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் இயங்காமல் போகும். முடக்கினால் போலீசால் கண்டுபிடிக்க முடியாதே என்று பயப்பட வேண்டாம். யாராவது அதில் சிம் போட்டால் தகவல் போலீசுக்குப் போகும்.

11. ‘உங்கள் ஐபோன் கிடைத்துவிட்டது’ன்னு லிங்க்கோட மெசேஜ் வந்திருக்கு. நம்பலாமா?

நம்பாதீர்கள். பூட்டிய ஐபோனை விற்க முடியாமல் தவிப்பவன் அனுப்புவது அது. லிங்க்கில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் உங்கள் கணக்கிலிருந்து போனை நீக்கிவிடுவான். “உன் போட்டோவை வெளியே விட்டுருவேன், அக்கவுன்ட்ல இருந்து எடு” என்று மிரட்டலும் வரலாம். பூட்டு விழுந்ததால்தான் அவன் உங்களிடம் வந்திருக்கிறான். கணக்கிலிருந்து நீக்காதீர்கள். மிரட்டல் வந்த எண்ணைப் புகாரோடு சேருங்கள்.

12. லொகேஷன் காட்டுது. ஃப்ரெண்ட்ஸோட போய் வாங்கிட்டு வந்துரலாமா?

வேண்டாம். அடுக்குமாடியில் எந்தத் தளம், எந்தக் கதவு என்று மேப் சொல்லாது. தப்பான கதவைத் தட்டினால் நீங்கள்தான் குற்றவாளி. சரியான கதவு என்றால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, புகார் கொடுத்த ஸ்டேஷனில் எஸ்.ஐ.யிடம் காட்டுங்கள்.

13. பீச்சுல ஃப்ரெண்டோட உக்காந்திருந்தப்ப ‘நாங்க போலீஸ்’னு ரெண்டு பேர் வந்து ஜிபே பண்ணச் சொன்னாங்க. நிஜ போலீசான்னு எப்படித் தெரியும்?

பணம் கேட்டபோதே தெரிந்துவிட்டது. தனி ஆளின் எண்ணுக்கு ஜிபேயில் கட்டும் அபராதம் எதுவும் கிடையாது. நிஜமான போலீஸ்காரரே கேட்டாலும் அது லஞ்சம். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது குற்றமில்லை. கைது செய்யும் அதிகாரி பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். “இந்தப் பொண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்பதுதான் இந்தக் கும்பல்களின் முக்கிய ஆயுதம். சூரியன் மறைந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்வது விதிவிலக்கான சூழலில் மட்டுமே முடியும், அதற்கும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

“சரிங்க சார், ஸ்டேஷன்லயே பேசிக்கலாம், நாங்க எங்க வண்டியில வர்றோம்” என்று மரியாதையாகச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே 112-ஐ அழையுங்கள். போலி என்றால் பெரும்பாலும் அதோடு கிளம்பிவிடுவார்கள். ஆயுதம் தெரிந்தால் 4-ஆம் பதிலில் சொன்னதுதான்.

14. ஆப்ல பழகுனவன் கூப்பிட்ட இடத்துக்குப் போனேன். நாலு பேர் சேர்ந்து அடிச்சுப் பணத்தைப் பிடுங்கிட்டாங்க. புகார் குடுத்தா என் விஷயம் வெளியே வந்துருமே?

அந்த பயத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது, ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடி கேட்பதும் அதனால்தான். வயதுவந்த இருவர் விருப்பத்தோடு பழகுவது, ஒரே பாலினத்தவர் என்றாலும், குற்றமில்லை. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அடித்துப் பறித்தது கொள்ளை. படத்தைக் காட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தல், நியாய சன்ஹிதாவின் பிரிவு 308. புகாரில் ஏன் அங்கே போனீர்கள் என்பதற்குச் “செயலி வழியாக அறிமுகமானவரைப் பார்க்க” என்ற அளவு போதும். சாட்டை அழிக்காதீர்கள். வெட்கத்தில் முதலில் அதை அழித்துவிடுகிறார்கள், கடைசியில் ஆதாரம் எதுவும் மிஞ்சுவதில்லை.

15. எனக்கு 17 வயசு. வீட்டுக்குத் தெரியாம புகார் குடுக்க முடியுமா?

புகார் கொடுக்க வயது வரம்பு இல்லை. ஆனால் ஸ்டேஷனில் பெற்றோரைக் கூப்பிடத்தான் பார்ப்பார்கள், சிம்மும் பெரும்பாலும் அவர்கள் பெயரில்தான் இருக்கும். அதனால் மறைப்பது நடைமுறையில் கஷ்டம். வீட்டில் சொல்லவே பயமாக இருந்தால் 1098-ஐ அழையுங்கள், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான எண் அது. பாலியல் சீண்டல் என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் உங்களை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.

16. பெப்பர் ஸ்ப்ரே வச்சுக்கலாமா? திருப்பி அடிச்சா என் மேலயே கேஸ் வருமா?

வைத்துக்கொள்ளலாம். பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, கைக்கு எட்டும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். காற்று உங்கள் பக்கம் வீசினால் உங்கள் கண்தான் எரியும். காலாவதித் தேதியையும் பாருங்கள், பழையதில் அழுத்தம் குறைந்து சொட்டாக வடியும். கத்தி வைத்துக்கொள்வதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை, இழுபறியில் அது யார் கைக்கும் போகலாம்.

தற்காப்பு உரிமை நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. தள்ளிவிட்டு ஓடுவது தற்காப்பு. பிடிபட்டவனைக் கட்டி வைத்துக் கூட்டமாக அடிப்பது தற்காப்பில்லை, அதில் கை வைத்த ஒவ்வொருவர் மேலும் வழக்கு வரும்.

17. போனைக் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா கோர்ட்டுல வாங்கிக்கோன்னு சொல்றாங்க. எதுக்கு?

எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கில் கைப்பற்றிய பொருள் நீதிமன்றத்தின் கணக்கில் இருக்கும். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-ஆம் பிரிவில் இடைக்காலமாகத் திருப்பித் தரச் சொல்லி மனு போடலாம். பில், ஐ.எம்.இ.ஐ., எஃப்.ஐ.ஆர். நகல், அடையாள அட்டை கொண்டுபோங்கள். கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன், விற்க மாட்டேன் என்று உறுதி எழுதி வாங்குவார்கள். அதனால் வழக்கு முடியும்வரை அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

போன் கைக்கு வந்ததும் சி.இ.ஐ.ஆரில் முடக்கத்தை நீக்க வேண்டும். பதிந்தபோது தந்த கோரிக்கை எண் அதற்குத் தேவை.

18. அதுவரைக்கும் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கலாம்னு இருக்கேன். அதுவே திருட்டு போனா இருந்தா?

வாங்கும் முன் கடையில் நின்றபடியே *#06# அழுத்தி வரும் எண்ணைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். பிறகு கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்டதோ, ஒரே எண் பல போன்களில் ஓடுகிறதோ, பதிலில் தெரியும். எண்ணே இல்லை என்றாலும் வாங்காதீர்கள். ஐ.எம்.இ.ஐ.யை மாற்றி எழுதுவதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.50 லட்சம் வரை அபராதமும் உண்டு.

விற்பவரின் பெயர், முகவரி, ஐ.எம்.இ.ஐ., தேதி இருக்கும்படி ரசீது கேளுங்கள். பின்னாளில் போலீஸ் தேடி வந்தால், தெரிந்தே திருட்டுப் பொருள் வாங்கவில்லை என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தத் தாள்தான். ரசீது தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.